பெயர் நடந்த பாதை – 9: குயில் குன்றிலிருந்து கூடலூர் வரை

அயர்லாந்துக்காரர்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஓ'வைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். பேரன், வழித்தோன்றல் என்று அதற்குப் பொருள். ஓ'ஃபேரல் என்றால் ஃபேரலின் பேரன். அந்தக் குலத்தார் ஆண்ட பகுதிதான் இன்றைய லாங்ஃபோர்டு மாவட்டம். லாங்ஃபோர்டு நகரத்தின் பழைய ஐரிஷ் பெயருக்கு 'ஓ'ஃபேரல்களின் கோட்டை' என்றுதான் பொருள். ஆங்கிலேயர் கை ஓங்கிய காலத்தில் பலரும் 'ஓ'வை உதறிவிட்டு வெறும் ஃபேரல் ஆனார்கள்.

அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகத் தேனிக்கு வந்துவிடலாம். அவர் ஸாரா ஃபேரல். தேனி மாவட்டத்தில் அவரை யாருக்கும் தெரியாது. அவருடைய மகனைத் தெரியாத ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கே அவர் பெயர்தான்.

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். அப்பா பெயரும் ஜான் பென்னிகுயிக்தான், ராணுவ அதிகாரி. ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பம். பிள்ளைகளில் ஒருவருக்கு ஜேம்ஸ் ஃபேரல் பென்னிகுயிக் என்று பெயர் வைத்தார்கள். அம்மாவின் குடும்பப் பெயரை நடுப்பெயராகச் செருகுவது ஸ்காட்லாந்துக்காரர்களிடம் பரவலாக இருந்த வழக்கம். அப்படித்தான் அந்த அயர்லாந்துப் பெயர் இன்னொரு தலைமுறை உயிரோடு இருந்தது.

சரி, பென்னிகுயிக் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் போனால், நார்த் எஸ்க் ஆற்றங்கரையில் பெனிகுக் என்று ஓர் ஊர். எழுத்தைப் பார்த்தால் பெனிகுயிக் என்றுதான் படிக்கத் தோன்றும். உள்ளூர்க்காரர்கள் 'பெனிகுக்' என்பார்கள். இது ஆங்கிலப் பெயரும் அல்ல, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பெயரும் அல்ல. அவை இரண்டும் அந்தப் பக்கம் பரவும் முன்பே அங்கே பேசப்பட்ட, இன்றைய வெல்ஷ் மொழிக்கு உறவான பழைய பிரித்தானிய மொழியின் பெயர். 'பென்' என்றால் தலை, குன்றின் உச்சி. 'கோக்' என்றால் குயில். குயில் கூவும் குன்று. அவர்கள் ஊர்க் குயில் வேறு, நம் தோப்பில் கத்துகிற குயில் வேறு; இரண்டும் ஒரே பறவைக் குடும்பம். தமிழில் எழுதும்போது 'குயி' என்று வந்து விழுந்திருப்பது தற்செயல்தான். ஆனாலும் நல்ல தற்செயல்.

அந்த ஊரின் நிலத்தை வைத்திருந்தவர்கள் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊர் கிளார்க் என்ற வணிகக் குடும்பத்தின் கைக்குப் போய்விட்டது. நிலம் போனது, பெயர் போகவில்லை. எழுத்துக்கூட்டல் மட்டும் ஆளுக்கொரு விதமானது. பென்னிகுக் என்றும், பென்னிகுயிக் என்றும், பெனிகுக் என்றும் எழுதிக்கொண்டு கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள். சொத்து இல்லாத கிளைகளுக்கு அன்று இருந்த ஒரே பெரிய வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிட்டிஷ் ராணுவம்.

அந்த வேலை என்ன கேட்கும் என்பதற்கு ஒரு நாள் போதும். 1849 ஜனவரி 13, பஞ்சாபில் சில்லியன்வாலா. சீக்கியப் படையின் பீரங்கிகளை நோக்கித் தன் படைப்பிரிவை நடத்திப்போன தந்தை பென்னிகுயிக் அங்கேயே விழுந்தார். அதே களத்தில் இருந்த மகன் அலெக்சாண்டருக்கு வயது 17. தந்தையின் உடலை விட்டு நகராமல் நின்று அவனும் செத்தான். இரண்டு பேரையும் அந்த மண்ணிலேயே புதைத்தார்கள். இப்போது அது பாகிஸ்தான். இரண்டே நாளில் இளைய மகன் ஜானுக்கு எட்டு வயது நிரம்பியது.

பிறகு நடந்ததைக் கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும் என்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஆடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் படிப்பு, 1860இல் சென்னை மாகாணத்தில் பொறியாளர் பணி, 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு ஒப்பந்தம், 1887இல் பெரியாற்றில் அணை வேலை தொடக்கம், 1895இல் திறப்பு. மேற்கே ஓடிய பெரியாற்றின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கியது. லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயலாகப் பச்சைப் பிடித்து நிற்பது அதனால்தான். இங்கிலாந்தில் சொத்தை விற்று அணை கட்டினார் என்பது ஊரில் விடாமல் சொல்லப்படும் கதை; வேலை நடந்தது அரசுப் பணத்தில். காலராவும் மலேரியாவும் ஆளை வாரிக்கொண்டு போன காட்டில் வருடக்கணக்காகக் கிடந்து கட்டிய மனிதருக்கு அந்தக் கதை தேவையே இல்லை. பெயர்களைப் பற்றிய தொடர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: அங்கே கல்லும் சுண்ணாம்பும் சுமந்து செத்த கூலிகளின் பெயரை நம்மில் யாரும் பிள்ளைக்கு வைக்கவில்லை.

இடையில் 1879இல் அவருக்குக் கல்யாணம். மணப்பெண் கிரேஸ் ஜார்ஜியானா ஷாமியர். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை ஆகும்வரை அது சேமியர்ஸ் ரோடு. ஷாமியர் என்பது பிரெஞ்சுப் பெயர். மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி பிரான்ஸிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய ஹியூகனாட் புராட்டஸ்டண்ட்டுகளின் பெயர். ஆக, நம் பொங்கல் பானைக்குப் பின்னால் படமாக மாட்டியிருக்கும் அந்த மீசைக்காரரின் வீட்டுக்குள் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரான்ஸ் மூன்றும் இருந்தன.

ஆனால் ரத்தம் போன வழி வேறு, பெயர் போன வழி வேறு. அவருடைய பிள்ளைகள் இங்கிலாந்தோடு நின்றுவிட்டார்கள். ஒரே மகனான ஜான் பென்னிகுயிக் அங்கே நீதிபதியாகி சர் பட்டம் பெற்றார். பெயரோ பள்ளத்தாக்கில் தங்கிவிட்டது. சின்னமனூரிலோ கம்பத்திலோ வருகைப் பதிவில் 'பென்னிகுயிக்' என்று வாத்தியார் கூப்பிட்டால் கறுத்த, சுருட்டைமுடிப் பையன் ஒருவன் 'உள்ளேன் ஐயா' என்று எழுந்திருப்பான். வீட்டில் 'பென்னி' என்றால் போதும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது. ஸ்காட்லாந்தில் அது குடும்பத்துக்கே உரிய பொதுப்பெயர். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். அதனால் எல்லையைத் தாண்டியதும் அது ஒருவனுடைய சொந்தப் பெயராகிவிட்டது. அவன் மகனுக்கு முருகன் என்று பெயர் வைத்தால் பெ. முருகன். எழுநூறு ஆண்டு நிலைத்த பெயர் ஒரே தலைமுறையில் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும். அதற்கு மருந்தும் நம்மிடமே உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது. பெயரன் என்பதுதானே பேரன் ஆனது. ஐரிஷ்காரனின் 'ஓ' செய்த வேலையை இங்கே அந்த வழக்கம் செய்கிறது.

வந்தவரைத் தன்னவராக்கிக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. பள்ளத்தாக்கின் பாதி ஊர்கள் வந்தவர்களின் ஊர்கள். கம்பத்தில் நந்தகோபாலன் தொழுவத்துத் தம்பிரான் மாட்டைக் கும்பிடும் கன்னட ஒக்கலிகர் வடக்கேயிருந்து வந்தவர்கள். போடி ஜமீனை ஆண்ட தெலுங்குக் கம்பளத்தாரும் அப்படித்தான்.

தேனி பக்கத்துப் பாலார்பட்டியில் ஜனவரி 15 அன்று பென்னிகுயிக்கின் படத்தை வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் அரசு மணிமண்டபம் திறந்தது. கடைசிக் காலத்தில் அவர் வாழ்ந்து 1911இல் இறந்த இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு சிலை நிறுவியது. ஊர்ப் பெயர் குடும்பப் பெயராகி, குடும்பப் பெயர் நம்மூரில் பையன் பெயராகி, பஸ் ஸ்டாண்டின் பெயராகவும் ஆயிற்று.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பென்னிகுயிக் என்று யாராவது இருந்தால், ரேஷன் கார்டில் அந்தப் பெயரை எப்படி எழுத்துக்கூட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். குயிக், குவிக், குக் என்று மூன்று விதம் என் கண்ணில் பட்டிருக்கிறது. நான்காவது இருந்தால் அதற்கும் இந்தத் தொடரில் இடம் உண்டு.

(தொடரும்)