பெயின்ட்டின் மேல் ஃபிலிம்: பணம் கட்டும் முன்

பி.பி.எஃப். என்று ஷோரூம்களில் சொல்லப்படுவது, கார் பெயின்ட்டின் மேல் ஒட்டப்படும் நிறமற்ற பாலியூரித்தேன் ஃபிலிம். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க உருவான பொருளின் வழிவந்தது. இதன் கனம் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான். காரின் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். கல் தெறிக்கும்போது அடியை வாங்கிக்கொள்வது ஃபிலிமின் இந்தக் கனமே. சில மைக்ரான் மட்டுமே படியும் செராமிக் கோட்டிங்கால் அது முடியாது. செராமிக் பூசினால் தண்ணீர் வழிந்தோடும், கழுவுவது சுலபம், அவ்வளவே. செராமிக் பூசிவிட்டுக் கல்லடிப் புள்ளிகளுக்காகக் கடையில் சண்டைக்கு நிற்பவர்கள் இன்னும் குறையவில்லை.

முழுக் காருக்கும் ஒட்ட முக்கால் லட்சம் முதல் இரண்டு லட்சத்துக்கு மேலும் கேட்கிறார்கள். பத்து லட்ச ரூபாய்க் காருக்கு இது பெரும்பாலும் வீண். பேனல் ஒன்றுக்குப் பெயின்ட் அடிக்கச் சில ஆயிரங்களே ஆகும். நெடுஞ்சாலையில் லாரிகளின் பின்னே நாள்தோறும் ஓடி, ஏழெட்டு ஆண்டு விற்காமல் வைத்திருக்கப்போகும் கார் என்றால் கணக்கு மாறும். அந்தக் காருக்கும்கூட முன்பக்க பம்பர், போனெட்டின் முன்பகுதி, பக்கக் கண்ணாடிகளின் மூடிகள், கதவுக் கைப்பிடிக் குழிகள் போதும். கல் விழுவதும் நகம் கீறுவதும் அங்கேதான். கூரைக்கு ஃபிலிம் எதற்கு என்று விற்பவரைக் கேட்டால் தெளிவான பதில் வருவது அபூர்வம்.

மெல்லிய கீறல் வெயில் சூட்டில் தானே மறையும் என்பது நல்ல ஃபிலிமைப் பொறுத்தவரை உண்மை. சாவியால் ஆழக் கிழித்தால் மறையாது. விலை மலிவு என்று பி.வி.சி. ஃபிலிமை ஒட்டினால் அது சீக்கிரமே மஞ்சளாகும், உரிக்கும்போது பசை தங்கும். ஏற்கெனவே டிங்கரிங் பார்த்து மறுபெயின்ட் அடித்த பேனலில் ஃபிலிமோடு பெயின்ட்டும் உரிந்து வரலாம். இதை முன்கூட்டியே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். நிறமுள்ள ஃபிலிம் வேறு விஷயம். ஆர்.சி.யில் உள்ள நிறம் மாறுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் அனுமதி பெற வேண்டும்.

“ஃபிலிம் பேக்கேஜ் எடுத்தால்தான் டெலிவரி” என்று ஷோரூம் சொன்னால் பணிய வேண்டியதில்லை. ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கச் சொல்வது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கட்டுப்படுத்தும் வணிக முறை. அந்த நிபந்தனையை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டாலே பல இடங்களில் பேச்சு மாறும்.

பணம் கட்டும் முன் ஐந்தாறு விவரங்கள் எழுத்தில் வேண்டும்: ஃபிலிமின் பிராண்டும் மாடலும், கனம், ரோல் எண், ஒட்டும் பேனல்களின் பட்டியல், வாரன்டி ஆண்டுகள். வாரன்டி தருவது ஃபிலிம் நிறுவனமா, கடையா என்பதும் அதில் இருக்க வேண்டும்; கடை வாரன்டி கடை மூடும் வரைதான். ரோல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் கார் பதிவு எண்ணோடு பதிவு செய்ததைப் பார்த்த பிறகே மீதிப் பணம் தர வேண்டும். ஜி.எஸ்.டி. பில் கட்டாயம். “பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்” என்ற பேரத்துக்குச் சம்மதித்தவர், பிறகு புகார் கொடுக்கும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறார். பில் இல்லாமல் ஒட்டாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் பில் நகலோடு எழுதி, ஃபிலிமைப் பாலிசியில் சேர்ப்பார்களா என்று எழுத்தில் பதில் பெற வேண்டும். சேர்க்காவிட்டால் விபத்தில் பேனலுக்குப் பணம் வரலாம், அதன் மேலிருந்த ஃபிலிமுக்கு வராது என்றே கொள்ள வேண்டும்.

குமிழி, ஓரம் தூக்கல், பெயின்ட்டில் பிளேடு வெட்டு போன்றவை தெரிந்தால் டெலிவரியின்போதே வெயிலில் நிறுத்தித் தேதியுடன் படம் எடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியே மனு போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். “அடுத்த மாதம் சரிசெய்கிறோம்” என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தே அந்த 2 ஆண்டையும் தவறவிடுகிறார்கள். இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லிக் கடை பழைய ஃபிலிமை உரிப்பதாக இருந்தால், அதற்கு முன் மறுபடியும் படம் எடுக்க வேண்டும். உரித்த ஃபிலிம் குப்பைக்குப் போனால் சாட்சியும் போயிற்று.