மோட்டாருக்கும் ஒரு சல்லடை வேண்டும்

சல்லடையின் பெருமையைத் தாயில்பட்டிக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விருதுநகர் ஜில்லா வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ள அந்தக் கரிசல் காட்டுக் கிராமத்தின் பெயர் இன்று பட்டாசுத் தொழிலோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கின்றது. பட்டாசு மருந்துகளைக் கலப்பதற்கு முன்னால் சலித்துச் சுத்தம் செய்தாக வேண்டும் என்பது அத்தொழிலின் பால பாடம். ஒரே ஒரு மணல் துணுக்கு மருந்தோடு கலந்து, உராய்வினால் சூடு உண்டாகிவிட்டால் நேரக்கூடிய விபரீதத்தை அங்குள்ளவர்கள் நன்கு அறிவார்கள்.

அவ்வளவு எச்சரிக்கையை, வாசலில் நிற்கும் மோட்டார் வண்டியின் விஷயத்தில் நாம் காட்டுகின்றோமா? இந்தக் கேள்வி தாயில்பட்டிக்கு மட்டும் உரியதன்று. காரும், வேனும், லாரியும் வைத்திருக்கும் குடும்பங்கள் அனைத்துக்கும் உரியது.

ஒரு காலத்தில் ஜமீன்தார்களும் பெரிய வக்கீல்களும் மட்டுமே வைத்திருந்த மோட்டார் கார், இப்பொழுது நடுத்தரக் குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. மாதத் தவணை கட்டி வாங்குகின்றோம். வாரந்தோறும் நீராட்டுகின்றோம். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைக்கின்றோம். ஆனால், முகப்பு மூடியைத் திறந்து, உள்ளே ஒரு கறுப்புப் பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கும் காகித வடிகட்டியைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? மெக்கானிக்குகள் ‘பில்டர்’ என்று சொல்லும் அந்த எளிய பொருளின் யோக்கியதையைப் பொறுத்தே யந்திரத்தின் ஆயுள் பெரும்பாலும் அமைகின்றது.

யந்திரம் விடும் மூச்சு

மோட்டார் பெட்ரோலைக் குடித்து ஓடுகின்றது என்று நாம் சொல்கின்றோம். உண்மையில் அது பெட்ரோலைக் காட்டிலும் மிகுதியாக உட்கொள்வது காற்றைத்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் கூறினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. ஒரு மனிதர் ஒரு நாள் முழுவதும் உள்ளே இழுக்கும் மூச்சு ஏறக்குறைய 10,000 லிட்டர்தான் என்பதை நினைத்தால், இந்தக் கணக்கின் பிரமாண்டம் விளங்கும். சிவகாசியிலிருந்து மதுரைக்குச் சென்று சேர 5 லிட்டர் பெட்ரோல் செலவாகுமானால், நான்கு பேருடைய ஒரு நாளைய மூச்சுக்கும் மேலான காற்றை வண்டி அதற்குள் இழுத்து முடித்திருக்கும்.

அந்தக் காற்று எப்படிப்பட்டது? மழை பொய்த்த மாதங்களில் சாத்தூர், சிவகாசிப் பக்கத்துப் பாதைகளில் சென்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முன்னே ஒரு லாரி போனால் பின்னே வருகிறவருக்குச் சாலை தெரியாது. கரிசல் மண்ணோடு சாலை மணலும் பொடியாகிக் காற்றில் மிதக்கும். வறண்ட வானிலை பட்டாசுத் தொழிலுக்கு அநுகூலமாக இருந்த காரணத்தால்தான் இத்தொழில் இந்தப் பிரதேசத்தில் வேரூன்றியது. ஆனால் அதே வறட்சி மோட்டார் யந்திரத்துக்குப் பகையாகின்றது.

சாலைப் புழுதியில் உள்ள மணல் துகள் பெரும்பாலும் ஸ்படிகக் கல்லின் பொடி. பேனாக்கத்தியின் எஃகைவிட அது கடினமானது. ஸிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும்போது இரண்டுக்கும் நடுவே இருப்பது எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றே. அந்தப் படலத்தின் கனம் சில மைக்ரான்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமனோ சுமார் 70 மைக்ரான். பெரிய கல்லும் சருகும் எங்கேயாவது தடைப்பட்டு நின்றுவிடும். எண்ணெய்ப் படலத்தின் கனத்துக்கு ஒத்த, கண்ணுக்குத் தெரியாத துகள்தான் இடையில் புகுந்து உலோகத்தை அராவுகின்றது. தட்டானிடம் உள்ள அரம்போல அது நாள் முழுவதும் வேலை செய்கின்றது. ஸிலிண்டர் தேய்கின்றது, பிஸ்டன் வளையங்கள் தளர்கின்றன, எண்ணெய் மேலேறி எரிந்து நீலப் புகை கிளம்புகின்றது. “வண்டி எண்ணெய் குடிக்கின்றது” என்று அப்பொழுதுதான் நாம் பட்டறையைத் தேடி ஓடுகின்றோம். அதற்குள் காரியம் மிஞ்சிவிடுகின்றது.

கரி பஸ் கற்பித்த பாடம்

இந்தப் பாடத்தைத் தமிழ் நாடு நெடுநாளைக்கு முன்பே படித்திருக்கின்றது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம் உண்டாயிற்று. பஸ்களும் லாரிகளும் நின்றுவிடும் நிலை. 1911-ம் ஆண்டில் மதுரையில் மோட்டார்த் தொழிலைத் தொடங்கிய ஸ்ரீ டி. வி. சுந்தரம் அய்யங்கார் அப்பொழுது ‘டி. வி. எஸ். காஸ் பிளாண்ட்’ என்னும் கரிவாயு யந்திரத்தை உருவாக்கினார். கரிவாயு வண்டியின் தத்துவம் எளியது. ஓர் இரும்பு உருளையில் அடுப்புக் கரியை இட்டு, போதாக் குறையான காற்றில் எரியச் செய்வார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மானாக்ஸைடு வாயுவைக் குளிரச் செய்து, பெட்ரோலுக்குப் பதிலாக யந்திரத்துக்குள் அனுப்புவார்கள். முதிய தலைமுறையினர் ‘கரி பஸ்’ என்று சொல்லிச் சிரித்தது இதைத்தான்.

சிரிப்புக்கு இடமான வண்டியாயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. அடுப்பிலிருந்து வரும் வாயு தனியாக வருவதில்லை. சாம்பலையும் கரித் தூளையும் உடன் அழைத்துக்கொண்டு வருகின்றது. அதை அப்படியே ஸிலிண்டருக்குள் விட்டால் யந்திரம் சீக்கிரமே தேய்ந்துபோகும். ஆகையால் கரிவாயு வண்டிகளில் அடுப்புக்கும் யந்திரத்துக்கும் நடுவே வடிகட்டி வைப்பது கட்டாயமாயிற்று. துணி, நார் முதலியவற்றின் வழியாக வாயுவைச் செலுத்திச் சாம்பலைப் பிரித்தார்கள். அந்த வடிகட்டியைத் தவறாமல் தட்டிச் சுத்தம் செய்த வண்டிதான் நெடுநாள் ஓடிற்று.

அதே யுத்தத்தில் ஆகாய விமானங்களும் இந்தப் பாடத்தைக் கற்றன. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு அனுப்பப்பெற்ற ‘ஸ்பிட்பயர்’ விமானங்களுக்கு மூக்கின் கீழே தாடைபோல் புடைத்த ‘வோக்ஸ்’ வடிகட்டி பொருத்தப்பட்டது. அதனால் விமானத்தின் வேகம் குறைந்தது. வேகம் உயிர் காக்கும் யுத்த களத்திலும், மணலை உள்ளே விடுவதைக் காட்டிலும் வேகத்தை இழப்பது மேல் என்று முடிவு செய்தார்கள். பின்னர் எகிப்து நாட்டு அபூகிர் பட்டறையில் சிறிய வடிகட்டி ஒன்றை அமைத்து அந்தக் குறையையும் தணித்தார்கள். 1980-ம் ஆண்டு மே 18-ம் தேதி அமெரிக்காவில் ஸெயிண்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது, வானத்திலிருந்து விழுந்த சாம்பல் மோட்டார்களின் காற்று வடிகட்டிகளை அடைத்துவிட்டது. போலீஸ் வண்டிகளுங்கூட வழியில் நின்றன. மனிதன் செய்த யந்திரம் எத்தனை பலமுடையதாயினும் தூசிக்கு முன்னால் அது குழந்தைதான்.

எண்ணெய்க்கு ஒன்று, எரிபொருளுக்கு ஒன்று

காற்று வடிகட்டியைத் தப்பி வரும் தூசியும், யந்திரத்துக்குள்ளேயே தேய்ந்து உதிரும் உலோகத் துணுக்கும், எரிந்த கரியும் எண்ணெயில் சேருகின்றன. எண்ணெயோ யந்திரமெங்கும் சுற்றி வருவது. அழுக்கோடு சுற்றினால் அழுக்கைத்தான் எங்கும் பரப்பும். மோட்டார் தோன்றிய ஆதி காலத்தில் கம்பி வலைக்கு மேற்பட்ட வடிகட்டி பெரும்பாலும் கிடையாது. 1923-ம் ஆண்டில் அமெரிக்கர்களான ஸ்வீட்லண்டும் கிரீன்ஹால்ஷும் எண்ணெய் வடிகட்டி ஒன்றைக் கண்டுபிடித்து ‘ப்யூரலேட்டர்’ என்று பெயரிட்டார்கள். ‘தூய எண்ணெய், பிற்பாடு’ என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிய வேடிக்கையான பெயர் அது.

இன்றைய எண்ணெய் வடிகட்டி வெளிப்பார்வைக்கு ஒரு தகர டப்பா. உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம் இருக்கும். அதோடு இரண்டு சிறிய உறுப்புக்கள் உண்டு. ஒன்று, வண்டி நிற்கும்போது எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர்த் தடுப்பு. பல வண்டிகளில் இது இல்லாவிடில், காலையில் யந்திரத்தைக் கிளப்பியதும் சில விநாடி எண்ணெயில்லாமல் உலோகம் உலோகத்தோடு உரசும். மற்றொன்று, காகிதம் அடைபட்டுவிட்டால் தானே திறந்துகொள்ளும் மாற்று வழி. எண்ணெயே வராமற் போவதைவிட அழுக்கு எண்ணெயாவது வரட்டும் என்னும் ஏற்பாடு அது. ஆகையால் வடிகட்டி அடைபட்டுப் போனாலும் வண்டி நிற்காது, வழக்கம்போல் ஓடும். “ஓடுகின்றதே, பிறகென்ன?” என்று நாம் இருப்போம். உள்ளே வடிகட்டாத எண்ணெய் சுற்றிக்கொண்டிருக்கும்.

டீஸல் வண்டிகளின் நிலை இன்னும் நுணுக்கமானது. இக்காலத்து டீஸல் யந்திரங்களில் எரிபொருள், காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மடங்கு அழுத்தத்தில் பீச்சப்படுகின்றது. அந்தப் பீச்சுக் குழாயின் உறுப்புக்களுக்கிடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான். டீஸலில் ஒரு துளித் தண்ணீரோ துருவோ கலந்தால் போதும், பெருஞ்செலவு காத்திருக்கும். அதனால்தான் டீஸல் வடிகட்டி தூசியோடு தண்ணீரையும் பிரித்து அடியில் தேக்குகின்றது. அந்தத் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டும்.

தீபாவளிக்கு முந்திய மாதங்களில் சிவகாசி வட்டாரத்திலிருந்து சரக்கு லாரிகள் தேசத்தின் நாலா திசைகளுக்கும் புறப்படுகின்றன. டில்லிக்குச் செல்லும் லாரி 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். சொந்தமாக ஒரே லாரி வைத்துப் பிழைப்பவருக்கு வருஷத்து வரும்படியில் பெரும் பகுதி அந்தச் சில மாதங்களில்தான் கிடைக்கின்றது. பட்டாசுப் பாரத்தோடு யந்திரம் நடுவழியில் பழுதாகி நின்றால், கெடுவது வாடகை மாத்திரமா? பண்டிகைக்குச் சரக்குப் போய்ச் சேராது. எளிதில் தீப்பற்றும் பாரத்தைச் சாலையோரத்தில் வைத்துக்கொண்டு டிரைவரும் கிளீனரும் இரவைக் கழிக்க நேரும். சில நூறு ரூபாய் வடிகட்டியில் மிச்சம் பிடித்ததன் பயன் இதுவாக இருக்கக் கூடாது.

மலிவும் மோசமும்

மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ஊர் பேர் தெரியாத வடிகட்டியை வாங்கிப் பொருத்துவது எங்கும் காணும் வழக்கம். பெரிய கம்பெனிகளின் டப்பாவையும் முத்திரையையும் அச்சாகப் போலி செய்து விற்பவர்களும் உண்டு. நல்ல வடிகட்டியில் காகித மடிப்புக்கள் சம இடைவெளியில் நிற்கும். ஓரத்து ரப்பர் மிருதுவாக, எங்கும் இடைவெளியின்றிப் படியும். மட்டமானதில் மடிப்புக்கள் குறைவு, பசை விட்டுப்போயிருக்கும், ரப்பர் கட்டையாக இருக்கும். எண்ணெய் வடிகட்டியிலோ உள்ளிருக்க வேண்டிய ரப்பர்த் தடுப்பே இராது. வெளியிலிருந்து அதைக் காண முடியாததால், நம்பகமான கடையில் ரசீதுடன் வாங்குவதே உத்தமம். ரசீது கொடுக்கத் தயங்கும் வியாபாரியிடம் நாமும் தயங்க வேண்டியதுதான்.

அதே சமயம் அளவு கடந்த சிரத்தையும் கூடாது. காகித வடிகட்டியைத் தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ அலசுவதும், அழுத்தக் காற்றை நெருங்கப் பிடித்து ஊதுவதும் காகிதத்தின் நுண்ணிய துவாரங்களைக் கிழித்துவிடும். பார்ப்பதற்கு வெளுப்பாக இருக்கும். புழுதியோ தாராளமாக உள்ளே போகும். சிறிதளவு தூசி படிந்த வடிகட்டி புத்தம் புதியதைவிட நுட்பமாக வடிகட்டும் என்பதும் ஒரு விந்தை. படிந்த தூசியே மேலும் ஒரு சல்லடையாகின்றது. ஆகையால் தினந்தோறும் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம்.

“அழுக்கு வடிகட்டியால் பெட்ரோல் அதிகம் செலவாகும்” என்று சொல்லி வியாபாரம் செய்பவர்கள் உண்டு. பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு அது பொருந்தும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிச் சாலையார் 2009-ம் ஆண்டில் செய்த பரிசோதனையில், இக்காலத்துப் பெட்ரோல் கார்களில் காற்று வடிகட்டி அடைபட்டால் வேகமெடுக்கும் சக்தி குறையுமே தவிர, பெட்ரோல் செலவு குறிப்பிடத்தக்கபடி ஏறுவதில்லை என்று கண்டார்கள். எனவே வடிகட்டியை மாற்றுவது பெட்ரோலை மிச்சம் பிடிக்கவன்று. யந்திரத்தை மிச்சம் பிடிக்க.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. வண்டியோடு கொடுத்த கையேட்டில் ஒவ்வொரு வடிகட்டிக்கும் உரிய கிலோமீட்டர்க் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். புழுதி மிகுந்த இடங்களில் அதற்கு முன்பே மாற்ற வேண்டும் என்றும் அதிலேயே சொல்லியிருப்பார்கள்; கரிசல் காட்டில் வண்டி ஓட்டுவோர் அந்த இரண்டாவது வரியையே தமக்குரியதாகக் கொள்ள வேண்டும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் எண்ணெய் வடிகட்டியையும் மாற்றுக. புதிய எண்ணெயைப் பழைய வடிகட்டியின் வழியே விடுவது, குளித்துவிட்டு அழுக்கு வேஷ்டியைக் கட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும். காற்று வடிகட்டியைப் பொருத்திய பின் பெட்டியின் கொக்கிகள் யாவும் மாட்டப்பட்டனவா என்று ஒரு தடவை கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு கொக்கி விட்டுப்போனாலும் அந்த வழியே புழுதி நுழையும். பட்டறையில் பழைய வடிகட்டியைக் கையில் வாங்கிப் பார்ப்பது நமது உரிமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தில் மோட்டாருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த வடிகட்டி எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று குறித்து வைப்பது நல்லது. இல்லத்தரசிகள் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால் இன்னும் விசேஷம். அரிசியில் கல் பார்த்துப் பழகியவர்களின் கண்ணுக்கு மோட்டாரின் தூசி தப்பிவிட முடியாது!