உங்களுக்குத் தெரியுமா? தாயின் பெயரில் ஒரு மதில்

சீனாவின் ஹூபெய் மாநிலத்தில், ஹான் ஆற்றின் தென்கரையில் நிற்கிறது சியாங்யாங் கோட்டை நகரம். வடக்கே ஆறே அரண். மற்ற மூன்று பக்கமும் சராசரியாக 180 மீட்டர் அகலமுள்ள அகழி. சில இடங்களில் அது 250 மீட்டரைத் தொடுகிறது. நீந்திக் கடப்பவன்கூட அம்புக்குத் தப்ப முடியாது!

கி.பி. 378இல் முன்னைச் சின் அரசின் படை நகரை வளைத்தது. நகரைக் காத்த தளபதி சூ சூவின் தாய் ஹான் அம்மையார் மதில்மேல் நடந்து பார்த்து, வடமேற்கு மூலை தாங்காது என்று கணித்தார். பணிப்பெண்களையும் ஊர்ப் பெண்களையும் திரட்டி உள்ளே இன்னொரு மதில் எழுப்பினார். அவர் சொன்ன மூலைதான் இடிந்தது. வீரர்கள் புதுமதிலில் நின்று பகைவரைத் தடுத்தார்கள். மறு ஆண்டு நகரம் வீழ்ந்ததற்குக் காரணம் உள்ளிருந்தவரின் துரோகம். ‘அம்மையார் கோட்டை’ என்ற பெயரில் அந்த மூலை இன்றும் இருக்கிறது.

பல நூற்றாண்டுகள் கழித்து, மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானின் படையை இந்நகரம் ஐந்தாண்டுக்கு மேல் எதிர்த்து நின்றது. கடைசியில் பாரசீகத்திலிருந்து வந்த பொறியாளர்களான இஸ்மாயிலும் அலாவுதீனும் எடைக்கல் பூட்டிய கல்லெறி பொறிகளை அமைத்தார்கள். எதிர்க்கரையிலிருந்த ஃபான்செங் நகரம் முதலில் வீழ்ந்தது. 1273இல் சியாங்யாங் சரணடைந்தது. அப்பொறிகளை அமைத்ததில் மார்க்கோ போலோவுக்கும் பங்குண்டு என்கிறது அவரது பயண நூல். ஆனால் அவர் சீனா வந்து சேர்ந்ததோ முற்றுகை முடிந்த பிறகு!