மலைப்பெயர்களில் படிந்த மொழிகள்

ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் பதனிடும் ஊர்களுக்குத் தெற்கே உயர்ந்து நிற்கும் ஏலகிரியை மக்கள் ‘ஏலகிரி மலை’ என்றே வழங்குகின்றனர். வடமொழியில் ‘கிரி’ என்பதே மலையைக் குறிப்பதால், இப்பெயரில் மலை இருமுறை வந்துவிடுகிறது. நிலத்தின் வகையைச் சொல்லும் இத்தகைய சொல்லை இடப்பெயர் ஆய்வாளர்கள் பொதுக்கூறு என்பர். ஒரு மொழியின் பொதுக்கூறு பொருள் தேய்ந்து வெறும் பெயராக நின்றுவிடும்போது, பேசுவோர் தம் மொழியின் பொதுக்கூறை அதன்மேல் மீண்டும் ஏற்றுகின்றனர். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வழங்கும் கெச்சுவா மொழியில் ‘கோச்சா’ ஏரியையும் ‘பரினா’ பூநாரையையும் குறிக்க, பெரு நாட்டின் பரினாகோச்சாஸ் ஏரியின் பெயருக்கு முன்னே ஏரி எனப் பொருள்படும் ‘லகூனா’வை ஸ்பானியம் சேர்த்ததும் இவ்வாறே.

ஆண்டீஸின் உயர்மலை ஏரிகளுள் பல பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் தாமாகத் தேங்கியவை. ஏலகிரியின் புங்கனூர் ஏரியோ மனிதர் அமைத்தது. கரை கட்டி நீர் தேக்கிய நிலத்தில் ஏரிக்குக் கட்டியவர் பெயர் அமைவது இயல்பு. அரக்கோணம் அருகேயுள்ள மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரைக் கல்வெட்டு, அங்குள்ள ஏரியை மகேந்திர தடாகம் என்றே குறிக்கிறது.

பொதுக்கூறு இரட்டிப்பதற்குச் சவ்வாது மலையின் தெற்குப் பக்கம் ஏலகிரியினும் செறிவான சான்றைத் தருகிறது. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் அவனது மலையை நவிரம் என்றும், ஆற்றைச் சேயாறு என்றும் குறிக்கிறது. செங்கண்மா இன்று செங்கம் ஆகியுள்ளது. அறிஞர்கள் நவிரமாகக் கருதும் குன்றின் இன்றைய பெயர் பர்வதமலை. பர்வதம் என்பதும் மலையே ஆதலால், பழம்பெயர் மறைந்த இடத்தில் பொதுக்கூறு இரட்டித்து நிற்கிறது. சவ்வாது மலையில் பிறக்கும் ஆறோ, செய்யாறு எனச் சிறிதே திரிந்து, இன்றும் பெயர் காத்து ஓடுகிறது. பல ஊர்களின் நாவில் வழங்கும் ஆற்றின் பெயரை மாற்றுவது அரிது. குன்றின் பெயரோ அதன் கோயிலின் புகழோடு மாறிவிடக்கூடும்.

சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சுனைக்கும் பாறைக்கும் ஓடைக்கும் வழங்கும் பெயர்களுள் வரைபடம் ஏறாதவை பல. வேலூர், திருப்பத்தூர் கல்லூரி மாணவர்கள் அம்மக்களின் இசைவோடும் துணையோடும் அப்பெயர்களை, ஒலிப்பு மாறாமல், இடக்குறிப்புடன் பதிவுசெய்ய முன்வர வேண்டும். முதியவர்கள் இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.