கணக்கைக் காக்கும் தட்டுகள்



நம் சேமநிதிக் கணக்கும் வங்கிக் கணக்கும் இன்று கணினிக்குள் இருக்கின்றன. பத்து ரிங்கிட் எடுத்தாலும் அங்கே ஒரு பதிவு மாறுகிறது. அந்தப் பதிவைத் தாங்கும் காந்தத் தட்டு பழுதானால் நம் உழைப்பின் கணக்கு என்னாவது? அதனால்தான் பல தட்டுகளைச் சேர்த்து அமைக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்னும் மூவர் இம்முறைகளை வகைப்படுத்தி, 'ரெய்டு' என்று பெயரிட்டார்கள். அவற்றுள் இரண்டைத் தோட்டத்துப் பால் கணக்கைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

கிராணியார் எழுதும் எடையையே இன்னொருவரும் வேறொரு புத்தகத்தில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கறையான் அரித்தாலும் மற்றது இருக்கும். இது இரட்டைப் பதிவு முறை.

அடுத்தது கூட்டுத்தொகை முறை. மூன்று புத்தகங்களில் 12, 15, 9 கிலோ என்று எழுதி, நான்காவதில் 36 என்று கூட்டுத்தொகையைக் குறிக்கிறோம். இரண்டாம் புத்தகம் தொலைந்தால், 36-இல் 12-ஐயும் 9-ஐயும் கழித்தால் 15 திரும்பக் கிடைத்துவிடும். நான்கு தட்டில் மூன்று தட்டளவு இடம் கணக்குக்கு மிஞ்சும். இரட்டை முறையிலோ இரண்டு தட்டளவுதான்.

சிக்கனம்தான். ஆனால் அந்த 15-ஐ 16 ஆக்க வேண்டுமென்றால்? பழைய எடையைப் பார்க்க வேண்டும்; பழைய கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டும்; பிறகு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஆக நான்கு வேலை. இரட்டை முறையில் இரண்டே வேலை.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு நொடிக்குச் சுமார் 80 வேலை செய்யும். நான்கு தட்டுக்கு 320. இரட்டை முறையில் நொடிக்கு 160 மாற்றங்கள் எழுதலாம். கூட்டுத்தொகை முறையில் 80 மட்டுமே. ஆகவே ஓயாமல் மாறும் கணக்குக்கு இரட்டை முறையே ஏற்றது. எழுதிவைத்து எப்போதாவது புரட்டும் பழைய ஏடுகளுக்குக் கூட்டுத்தொகை முறை போதும். சுழலாத புதுவகைச் சேமிப்பிகள் பன்மடங்கு விரைவானவை. ஆயினும் இந்த இரண்டு, நான்கு என்னும் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. தவறான எண்ணை எழுதினால் இரண்டு புத்தகத்திலும் தவறே பதியும். கொட்டகை எரிந்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். ஆதலால் கணினி கூலிமில் இருந்தால், தினமும் ஒரு நகல் அலோர் ஸ்டாரிலாவது இருக்க வேண்டும்.

1996-இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இத்துறையை நாடும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது. பெற்றோர்களே, நீங்களும் சம்பளச் சீட்டையும் சேமநிதி அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். அது உங்கள் கையிலுள்ள நகல்.