ஐந்து நாள் ஜுரமும் வெள்ளணுக்களும்

பாலாற்றங்கரைப் பள்ளிகொண்டாவிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ஜுரம் கண்டு மேனியில் செந்தடிப்பும் தோன்றிவிட்டால், மணல்வாரி என்றெண்ணி வேப்பிலை வைத்துக் காத்திருப்பது வீட்டுப் பெரியவர்களுக்கு இயல்பே. ஆயினும் அந்த ஜுரம் ஐந்து நாளாகியும் தணியாமல், கண்கள் பீளையின்றிச் சிவந்து, உதடுகள் வெடித்து, நாக்கு செக்கச்செவேலென்றாகி, கைகால்கள் வீங்கி, கழுத்தில் நெறி கட்டுமாயின், வேறொரு வியாதியைச் சந்தேகிக்க வேண்டும். ஜப்பானிய வைத்தியர் தொமிசாகு கவாசாகி 1961-இல் முதன்முதலாகக் கண்டு, 1967-இல் 50 குழந்தைகளின் விவரங்களோடு வெளியிட்டமையால், அவர் பெயராலேயே வழங்கும் வியாதி அது. அந்நிய தேசத்து நோயென்று அதை ஒதுக்குவதற்கில்லை. சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆய்வு நிறுவனத்தார் நம் நாட்டுக் குழந்தைகளிடத்தும் அதை நெடுங்காலமாகக் கண்டு எழுதி வருகிறார்கள்.

அதைத் தூண்டும் மூலகாரணம் இன்றளவும் துலங்கவில்லை, விளைவோ தெளிவானது. கிருமிகளை அழிக்கவே அமைந்த நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள், முதல் இரு வாரங்களில், ஹிருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் மகுடத் தமனிகளின் சுவருக்குள் திரளாகப் புகுந்து தம்மிடமுள்ள என்சைம்களைச் சொரிய, சுண்ணாம்புக் குழியில் அளவு மீறி ஊறிய தோல் கெட்டி குலைவதுபோல, அச்சுவரைத் தாங்கும் மீள்நார்ப் படலம் சிதைகிறது. பின்னர் வேறு வெள்ளணுக்களான டி அணுக்களும் மேக்ரோஃபேஜ்களும் வந்து சேர்ந்து, இன்டர்லூகின்-1 முதலிய இரசாயனப் பொருள்களால் அழற்சியை வளர்க்கின்றன. வலுவிழந்த சுவர் இரத்த அழுத்தத்தால் குமிழாகப் புடைக்க, அடுத்த வாரங்களில் பிளேட்லெட்டுகள் பெருகுவதால் அக்குமிழில் இரத்தம் உறைந்து, பால பருவத்திலேயே மாரடைப்பு நேரவும் கூடும்.

சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மகுடத் தமனி பழுதுபடுகிறது. ஆயிரக்கணக்கானோர் ஈந்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதத்தை, ஜுரம் தொடங்கிய பத்து நாளுக்குள், உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் சிரை வழியே செலுத்தி, வைத்தியர் மேற்பார்வையில் ஆஸ்பிரினும் அளித்தால், அவ்வபாயம் நூற்றுக்கு ஐந்தளவாகக் குறைகிறது.

சிகிச்சையின்றியும் ஜுரம் ஓரிரு வாரங்களில் தானே தணிந்துவிடுவதுதான் இந்நோயின் கொடிய சுபாவம். தாய் மகிழும் அந்நேரத்திலும் தமனியின் சேதம் நின்றுவிடுவதில்லை. இந்நோயை ஐயமற உறுதி செய்யும் தனிப் பரிசோதனை எதுவுமில்லை. குறிகளோ ஒன்று மறைந்தபின் மற்றொன்று தோன்றும் தன்மையன. ஆகையால் கண் சிவந்தது எந்நாள், தடிப்புக் கண்டது எந்நாள் என்று தாய் குறித்து வைத்துச் சொல்லும் விவரமே வைத்தியருக்குப் பெருந்துணை. மகுடத் தமனிகளின் நிலையைக் காட்டும் எக்கோ பரிசோதனைக்கு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிகள் அருகிலேயே இருக்கின்றன. ஐந்தாம் நாள் ஜுரத்தை ஆறாம் நாளுக்கு விடாதிருப்பதே பெற்றோர் கடமை.