வேலை பிடித்துத் தரும் தளங்களுக்குப் பணம் கட்டலாமா?

சூரிச்சில் வீடு மாறப்போகும் ஒருவர் இணையத்தளம் ஒன்றில் நாலு வரி எழுதுகிறார்: மூன்றரை அறை வீடு, மாதக் கடைசியில் சாவி ஒப்படைப்பு, துப்புரவுக்கு விலை வேண்டும். சற்று நேரத்தில் அந்த நாலு வரியும் பல துப்புரவு நிறுவனங்களின் கைபேசிகளுக்குப் போய்ச் சேர்கிறது. எழுதியவரின் தொலைபேசி இலக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் நிறுவனக்காரர் பணம் கட்ட வேண்டும். வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, கட்டிய பணம் கட்டியதுதான்.

துப்புரவு, வர்ணப்பூச்சு, வீடு மாற்றல், தோட்ட வேலை, சிறு திருத்த வேலை என்று சொந்தமாகத் தொழில் நடத்தும் ஈழத்தமிழர்களான எம்மவர்கள் சுவிற்சர்லாந்தில் இன்று ஏராளம். எண்பதுகளில் அகதிகளாக வந்து உணவகச் சமையலறைகளிலும் வைத்தியசாலைத் துப்புரவிலும் உழைக்கத் தொடங்கிய சமூகம் ஏறிவந்திருக்கும் அடுத்த படி இது. அப்படித் தொழில் தொடங்கியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் எதிர்கொள்ளும் கேள்வி: இந்தத் தளங்களுக்குக் கட்டும் காசு முதலீடா, வீண் செலவா?

தளங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன?

சுவிற்சர்லாந்தில் ரெனோவேரோ, ஒஃப்ரி, ஹௌசி, பில்டிகோ, மூவு எனப் பல தளங்கள் வீட்டுக்காரரையும் தொழில்காரரையும் இணைத்துவந்திருக்கின்றன. 2014இல் தொடங்கிய மூவு தளத்தை 2017இல் பாலுவாஸ் காப்புறுதி நிறுவனம் வாங்கியது. பில்டிகோவின் பின்னால் மொபிலியார் காப்புறுதி நிறுவனம் நிற்கிறது. காப்புறுதிக்காரருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். வீடு மாறுகிறவரும் குளியலறையைப் புதுப்பிக்கிறவரும் அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்கள்தாம்.

இப்படி விற்கப்படும் வாடிக்கையாளர் விபரத்தைத் தொழிலில் ‘லீட்’ என்கிறார்கள். அதற்குப் பணம் வாங்கும் முறைகள் பொதுவாக மூன்று. முதலாவது, ஒவ்வொரு லீட்டுக்கும் ஒரு விலை. இரண்டாவது, மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தா. மூன்றாவது, வேலை உறுதியானால் மட்டும் தரகு. முதல் இரண்டிலும் வேலை கிடைக்காமல் போகும் நட்டம் முழுவதும் தொழில் செய்கிறவர் தலையில் விழுகிறது. மூன்றாவதில் தளமும் அதில் பங்கெடுக்கிறது. ஒரு தளத்தில் சேருமுன் முதலில் கேட்டறிய வேண்டியது விலையை அல்ல. நட்டம் யாருடையது என்பதைத்தான்.

ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறோம்?

ஒரு லீட் 25 பிராங் என்றால் பெரிய காசாகத் தெரியாது. ஆனால் அது ஒரு தொலைபேசி இலக்கத்தின் விலைதான், ஒரு வேலையின் விலை அல்ல. ஆறு லீட் வாங்கி ஒன்று வேலையாக மாறினால் அந்த வேலைக்குக் கொடுத்த விலை 150 பிராங். பத்துக்கு ஒன்று என்றால் 250 பிராங்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்றரை அறை வீட்டின் ஒப்படைப்புத் துப்புரவை 1,100 பிராங்குக்குப் பேசியதாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்குள் 8.1 விழுக்காடு பெறுமதி சேர் வரி அடக்கம். வரியைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 1,018 பிராங். இரண்டு பேர் ஆளுக்கு ஒன்பது மணி நேரம் வேலை செய்கிறார்கள். சமூகக் காப்புறுதியும் விடுமுறைப் பணமும் சேர்த்து மணிக்கு 32 பிராங் என்றால் கூலி 576. மருந்து, துணி, வாகன ஓட்டத்துக்கு 90. வாகனக் கட்டணம், பொறுப்புக் காப்புறுதி, தொலைபேசி, கணக்காளர் என்று இந்த வேலையின் பங்குக்கு 120. கடைசியில் கையில் நிற்பது 232 பிராங்.

இந்த 232இலிருந்துதான் தளத்தின் காசு போக வேண்டும். மூன்று லீட்டுக்கு ஒரு வேலை பிடிப்பவருக்கு 157 பிராங் மிஞ்சும். ஆறுக்கு ஒன்று பிடிப்பவருக்கு 82. பத்துக்கு ஒன்று பிடிப்பவர் 18 பிராங்கைக் கையிலிருந்து போட்டு அந்த வீட்டைத் துடைத்துக் கொடுக்கிறார். மூவரும் ஒரே தளத்தில், ஒரே விலைக்குத்தான் லீட் வாங்கினார்கள்.

மேலே சொன்ன இரண்டு பேரில் ஒருவர் முதலாளியே என்றால் இந்த நட்டம் கண்ணுக்குத் தெரியாது. அவர் தன் ஒன்பது மணி நேரத்துக்குக் கூலி எழுதுவதில்லை. வங்கியில் காசு வந்த மாதிரித்தான் இருக்கும். உண்மையில் அவரது முதுகும் முழங்காலும்தான் தளத்தின் பில்லைக் கட்டியிருக்கின்றன. எம்மவர்களின் சிறு நிறுவனங்களில் இது பரவலாக நடக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் சொந்த மணி நேரத்துக்கும் கூலி போட்டுக் கணக்குப் பாருங்கள்.

படிவம் சொல்லாத சங்கதிகள்

தளத்தில் வரும் படிவம் அறைகளின் எண்ணிக்கையையும் திகதியையும் சொல்லும். ஷவர் கண்ணாடியில் எத்தனை வருடத்துச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, ஒவனுக்குள் எவ்வளவு எண்ணெய் கருகிக் கிடக்கிறது, யன்னல்களில் மடிப்பு மடிப்பான லாமெல்லன் திரைகள் எத்தனை என்று சொல்லாது. அந்தத் திரைகளை ஒவ்வொரு தகடாக இரு புறமும் துடைக்க வேண்டும். பெரிய வீட்டில் அதற்கே பாதி நாள் போய்விடும்.

வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது ‘அப்னாமகரன்டீ’, அதாவது ஒப்படைப்பு உத்தரவாதம். வீட்டு நிர்வாகத்திலிருந்து வருபவர் சமையலறை அலுமாரியின் மேல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துக் குறை சொன்னால், துப்புரவுக்காரர் அங்கேயே நின்று மறுபடி செய்து கொடுக்க வேண்டும். அதற்குத் தனிக் காசு கிடையாது. நிலையான விலை பேசிவிட்டால் வேலை எதிர்பார்த்ததைவிடக் கூடினாலும் அந்த விலைக்கே முடிக்க வேண்டும் என்பதுதான் சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 373ஆம் பிரிவு வகுத்திருக்கும் பொது விதி. ஐந்து பேரை முந்த வேண்டும் என்ற அவசரத்தில் வீட்டைப் பார்க்காமலே விலை எழுதுகிறவர் இரண்டு முறை இழக்கிறார். லீட்டுக்கு ஒரு முறை, அந்த ஒன்பது மணி நேரம் பதினான்காக நீளும்போது மறு முறை.

குறைந்தபட்சம் சமையலறை, குளியலறை, யன்னல் மூன்றையும் வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். படம் அனுப்ப மனமில்லாதவர் பெரும்பாலும் விலை விசாரிக்க மட்டும் வந்தவர்.

சட்டம் யார் பக்கம்?

பலரும் தவறாக நினைத்திருக்கும் இடம் இதுதான். தொலைபேசியில் பேசி எதையாவது விற்றால் 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படி ஓர் உரிமை இருப்பது உண்மை. 2016 முதல் தொலைபேசி விற்பனைக்கும் அது பொருந்துகிறது. ஆனால் சொந்த அல்லது குடும்பத் தேவைக்காக வாங்கும் நுகர்வோருக்கு மட்டுமே. தொழிலுக்காகத் தளம் ஒன்றில் ஆண்டுச் சந்தா எடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பொது நிபந்தனைகளில் இருக்கும் நியாயமற்ற வாசகங்களுக்கு எதிரான நேர்மையற்ற போட்டிச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் நுகர்வோரைத்தான் காக்கிறது. “தானாகப் புதுப்பிக்கப்படும்” என்ற ஒரு வரியைக் கவனிக்காமல் கையெழுத்திட்டால் அடுத்த ஆண்டும் பில் வரும்.

தொழில்காரருக்கும் கைகொடுக்கும் ஒரு விதி உண்டு. முகவரிப் பதிவேட்டில் பெயர் சேர்ப்பதாகச் சொல்லி, கட்டண விபரத்தை மறைத்துக் கையெழுத்து வாங்கும் ஏமாற்றை அதே சட்டம் 2012 முதல் தடுத்திருக்கிறது. பதிவை உறுதிப்படுத்துங்கள் என்று கேட்டு வரும் கடிதத்தில் உடனே கையெழுத்திட வேண்டாம்.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் பெரிய பெயராக இருந்தது ஹோம் அட்வைசர். அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2022 மார்ச்சில் அதன்மீது வழக்குத் தொடுத்தது. லீட்களின் தரத்தைப் பற்றியும், அவை வேலையாக மாறும் வாய்ப்பைப் பற்றியும் சிறு தொழில்காரர்களுக்குத் தவறான தகவல் சொல்லி விற்றார்கள் என்பதே குற்றச்சாட்டு. 2023 ஜனவரியில் 72 இலட்சம் டொலர் வரை திருப்பிக் கொடுக்க உத்தரவானது. ஒரு தளம் சொல்லும் வெற்றி விழுக்காட்டை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட சுலேகா பல ஆண்டுகளாக இதே தொழிலைச் செய்கிறது. 2014இல் அர்பன்கிளாப் என்ற பெயரில் தொடங்கிய அர்பன் கம்பனியும் ஆரம்பத்தில் லீட் விற்றுத்தான் வளர்ந்தது. பிறகு விலை, பயிற்சி, பொருள் எல்லாவற்றையும் தானே தீர்மானிக்கும் முறைக்கு மாறியது. வேலை வருவது சீரானது. ஆனால் விலை சொல்லும் உரிமை தொழிலாளியிடமிருந்து போய்விட்டது. 2021 அக்டோபரில் குருகிராமில் அந்த நிறுவனத்தின் பெண் அழகுக்கலைஞர்கள் தரகையும் நிபந்தனைகளையும் எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். இங்கே லொசானில் தொடங்கிய துப்புரவுத் தளமான பட்மேட் 2021இல் வேறு வழியில் போனது: துப்புரவாளர்களைத் தானே பணியாளர்களாக எடுத்துக்கொண்டது. லீட் வாங்குகிறவர் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார், உண்மைதான். அதற்குப் பதிலாகத் தன் விலையைத் தானே சொல்லும் சுதந்திரத்தை வைத்திருக்கிறார். அந்தச் சுதந்திரத்தை, யாரையாவது முந்துவதற்காக விலையை இறக்குவதில் செலவழித்தால் அதுவும் வீண்.

யாருக்குப் பயன்?

தொழில் தொடங்கிய முதல் ஆண்டில், பெயரும் மதிப்புரைகளும் இல்லாத நேரத்தில், தளம் நியாயமான ஏணி. சுயதொழில் செய்பவருக்கு இந்நாட்டில் வேலையின்மைக் காப்புறுதி கிடையாது. வெறும் வாரம் என்றால் வருமானம் பூச்சியம்தான். அந்த வாரத்தை நிரப்ப வாங்கும் லீட்டும் பெறுமதியானதே. வீடு முழுவதும் வர்ணம் பூசுவது, அலுவலகத்தின் வாராந்தத் துப்புரவு போன்ற பெரிய அல்லது திரும்பத் திரும்ப வரும் வேலையில் 150 பிராங் தாங்கும். ஒரு யன்னல் துடைக்கும் வேலையில் தாங்காது.

மார்ச், செப்டெம்பர் கடைசியில் வீடு மாறுகிறவர்கள் குவியும்போது ஏற்கெனவே நாள் நிரம்பியிருப்பவர் லீட் வாங்குவது அர்த்தமற்றது. அந்த மாதங்களில் அறிவிப்பை நிறுத்தி வைக்க முடியுமா என்று தளத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். மின் இணைப்பு வேலை கலந்த லீட்டைத் தொடவே வேண்டாம். நிலையான மின் நிறுவல்களுக்குக் கூட்டாட்சி மின் கண்காணிப்பகத்தின் அனுமதி வேண்டும்.

லீட்டின் உண்மையான பெறுமதி எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டைக் காலி செய்து போகிறவருக்கு அடுத்த சில ஆண்டுகளுக்கு நீங்கள் தேவைப்படமாட்டீர்கள். ஆனால் ஒப்படைப்பு நாளில் அந்தச் சமையலறையில் உங்களுக்கு எதிரே நிற்பவர் வீட்டு நிர்வாகத்தின் ஆள். அவர் கையில் பல கட்டடங்கள், நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கலாம். கீழ்த்தளத்தில் ‘அப்வார்ட்’, அதாவது கட்டடப் பராமரிப்பாளர், இருக்கிறார். சாவி வாங்க வரும் புதிய குடித்தனக்காரர் இருக்கிறார். அந்த மூவரிடமும் உங்கள் அட்டை போய்ச் சேர்ந்தால் 150 பிராங் ஒரு வேலைக்குக் கொடுத்ததல்ல, மூன்று அறிமுகங்களுக்குக் கொடுத்தது. வேலை முடிந்ததும் கூகுளில் மதிப்புரை எழுதச் சொல்லிக் கேளுங்கள். அங்கே நிறுவனப் பக்கம் திறப்பதற்குக் காசில்லை. தளத்தில் சேரும் நட்சத்திரங்கள் தளத்தை விட்டு வெளியேறும் நாளில் உங்களோடு வராது. கூகுள் பக்கம் உங்களோடு இருக்கும்.

கையெழுத்திடுமுன்

ஒரு லீட் எத்தனை பேருக்கு விற்கப்படுகிறது? இலக்கம் பிழையென்றால் பணம் திரும்பி வருமா? தபால் இலக்கம் வாரியாகப் பிரதேசத்தைச் சுருக்க முடியுமா? மாதச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கலாமா? ஒப்பந்தம் மாதத்துக்கா, ஆண்டுக்கா? விலக எத்தனை நாள் முன்னறிவித்தல்? இந்த ஆறு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் விற்பனையாளர் சொல்வது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அதற்குப் பெறுமதி இல்லை.

பிறகு ஒரு கொப்பி போடுங்கள். திகதி, தபால் இலக்கம், லீட்டின் விலை, எத்தனை நிமிடத்தில் அழைத்தீர்கள், வேலை கிடைத்ததா, கிடைத்தால் எவ்வளவு, அதன் வழியே வேறு யார் வந்தார்கள். முப்பது லீட் எழுதி முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். ஒரு வேலைக்குத் தளம் எடுக்கும் காசு, அந்த வேலையில் மிஞ்சும் காசின் பாதிக்கு மேல் போனால் நிறுத்துங்கள். அதற்குக் கீழே இருந்தால் தொடருங்கள்.

மாத ஒப்பந்தத்தில், உச்சவரம்போடு, கணக்கு எழுதிக்கொண்டு வாங்கினால் இந்தத் தளங்கள் பயன்தரும். தொழிலின் அத்திவாரமாக அவற்றை நம்பினால் தராது. மூன்றாம் ஆண்டிலும் உங்கள் வேலைகளில் பெரும்பகுதி காசு கொடுத்து வாங்கிய லீட்களிலிருந்தே வருகிறது என்றால், தளத்தை மாற்றுவதல்ல தீர்வு. ஏற்கெனவே வேலை செய்து கொடுத்த வீடுகளின் பட்டியலை எடுத்து, இன்றே ஒவ்வொருவராக அழையுங்கள்.